வெள்ளைப் பூ கொடுத்த பெயர்

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். அதற்குப் பக்கத்திலேயே ஒரு கள்ளத்தனமும் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது புதுக் கம்பெனிக்குப் பெயர் யோசிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அந்தப் பெயரிலான இணைய முகவரியை, டொமைன் என்கிறோமே அதை, நான் முந்திக்கொண்டு வாங்கிப் போடுவேன். பிறகு அவர்களுக்கே விலை ஏற்றி விற்பேன். வீட்டுமனை வாங்கி விற்பவன் செய்வதைத்தானே நானும் செய்கிறேன் என்று சமாதானம் வேறு. நல்ல சமாதானம்!

அப்படி என்னிடம் மாட்டியவர்தான் ஒரு அக்கா. பல வருடம் செக்கிங் மேசையில் நின்று பனியனில் ஓட்டை பார்த்தவர். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். குழந்தைகள் உடுப்புக்குச் சொந்தமாக ஒரு யூனிட் போடக் கிளம்பியவர்கள், இரண்டு பெயர்களைச் சீட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

"ஏனுங் தம்பி, இந்த ரெண்டு பேரும் காலியா இருக்குதுங்களா? இருந்துதுன்னா நாளைக்குக் கோயில்ல பூக் கேட்டுட்டு, சாமி குடுக்கற பேரையே வெச்சுக்கறமுங்க."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஒரு பெயருக்கு வெள்ளை அரளி, இன்னொன்றுக்குச் சிவப்பு அரளி. இரண்டையும் தனித்தனியாக இலையில் பொதிந்து முருகன் முன்னால் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வந்த பூதான் உத்தரவு.

"ரெண்டுமே காலிதானுங்க அக்கா" என்றேன். அவர்கள் கீழே இறங்கி வண்டியைக் கிளப்புவதற்குள் இரண்டையும் என் பெயரில் பதிந்துவிட்டேன். சாமி எதைக் கொடுத்தாலும் என்னிடம்தானே வர வேண்டும் என்று சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் அக்கா நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். "வெள்ளப் பூ வந்துடுச்சுங்க தம்பி!"

"அடடா, நேத்தே யாரோ எடுத்துட்டாங்களே. வெளியூர்க்காரனாட்ட இருக்குதுங்க. பேசிப் பாக்கறன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "எப்படியாச்சும் வாங்கிக் குடுங்க தம்பி. பொறுத்துக்கறமுங்க."

அந்த வாரமே விதி மாறியது. நான் பெயர் பதியும் நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. இனி பெயரை மறுவிற்பனை செய்பவர் அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். விற்பவர் யாரென்று வாங்குபவருக்குத் தெரிவிப்பார்கள். அதுவரை திரைக்குப் பின்னால் உட்கார்ந்து விற்றவன் நான். இனி விற்றாலும் சும்மா கொடுத்தாலும் என் பெயர் அக்காவின் கைக்குப் போய்விடும்.

உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மானம் போய்விடுமே என்று பயந்தேன். நானெல்லாம் ஒரு மனுஷன்! "அவன் தரமாட்டேங்கறானுங்க அக்கா" என்றேன்.

அவர் யாரையும் திட்டவில்லை. "நாந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டன். செருப்புப் போட்டுட்டே பூவப் பறிச்சுட்டனுங்க. சாமி குடுத்துட்டுத் திருப்பி வாங்கிக்கிச்சு" என்றார். இன்னொரு முறை சாமியிடம் பூக் கேட்கத் தனக்கு வாயில்லை என்றும் சொன்னார்.

கடைசியில் வீட்டுக்காரரின் இனிஷியலைப் போட்டு யூனிட் திறந்தார்கள். நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் அக்கா கிருத்திகை தவறாமல் வீட்டிலிருந்தே வெறுங்காலோடு கோயிலுக்கு நடக்கிறார். தார் ரோடு, வெயில், எதுவும் கணக்கில்லை. அந்தப் பெயர் என்னிடமே கிடக்கிறது. விற்கவும் துணிவில்லை, விட்டுவிடவும் மனமில்லை. வருடா வருடம் புதுப்பிக்கிறேன்.

போன மாதம் வெப்சைட்டுக்குச் சாம்பிள் போட்டோ கொடுக்க வந்த அக்கா, கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

"ஏனுங் தம்பி, அந்தப் பேர எடுத்தவங்க நல்லா இருக்கறாங்களா? சாமி குடுத்த பேரு, அவங்களுக்காச்சும் வெளங்கோணும். கிருத்திகைக்குக் கிருத்திகை அவங்களுக்கும் சேத்துத்தான் கும்புட்டுக்கறனுங்க."

"நல்லா இருக்கறாருங்க அக்கா" என்றேன்.