நெடியில்லாத பெயிண்ட்

கலவை அக்காவின் கணவர் இருபத்திரண்டு வருடம் கதவுக்கும் கம்பிக்கும் பெயிண்ட் அடித்தவர். தின்னர் நெடி நெஞ்சில் ஏறி ஏறி, ஐம்பது வயதுக்குள் மாடிப்படி அவருக்கு மலையாகிவிட்டது. பெயிண்ட் வாடையே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன மறுமாதம், அக்காவுக்குக் கலவை போடும் வேலை கிடைத்ததோ ஒரு பெயிண்ட் பட்டறையில். 'கலவை அக்கா' என்ற பெயரும் அங்கே வந்ததுதான்.

சின்னப் பட்டறைதான். வீடுகளில் மிஞ்சிய தண்ணீர்ப் பெயிண்டை வாங்கிவந்து, மேலே படிந்த ஆடையை நீக்கி வடிகட்டி, தாவர எண்ணெயில் செய்த பசை சேர்த்துப் புதிதாக்குவார்கள். சுண்ணாம்புத் தூளுக்குப் பதில் ரொட்டிக் கடைகள் வீசும் முட்டை ஓட்டை அரைத்துப் போடலாம் என்பது அக்காவின் யோசனை.

முதல் இருபது டப்பாவும் ஒரே வாரத்தில் உப்பிவிட்டன. மூடியைத் திறந்தால் அழுகல் வாடை.

"கெடாம இருக்க மருந்தை ரெண்டு மடங்கா ஊத்திடலாம்," என்றார் முதலாளியம்மா.

"அதுவும் யார் மூச்சுலயோதானே போகும்? ஒரு மாசம் குடுங்கம்மா."

அக்கா ஓடுகளை வீட்டுக்குக் கொண்டுபோனார். கணவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உள்பக்கம் தோல் ஒட்டியிருக்கு பாரு. அழுகறது இதுதான்." சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்தால் முழுசாக வந்தது. "உக்காந்து செய்ற வேலைதானே, எனக்கே குடு," என்றார். அதன்பின் பெயிண்ட் கெடவில்லை.

மழைக்காலத்தில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த வார்டின் சுவர் உரிந்து கிடந்தது. நோயாளிகளை மாற்ற வேறு இடமில்லை. நெடியில்லாத பெயிண்ட் என்று அக்கா சொல்லித் தெரிந்துகொண்ட தலைமை நர்ஸ் கேட்க, பட்டறையிலிருந்து டப்பாக்கள் வந்தன. மூச்சு நோயாளிகள் படுத்திருக்கும்போதே அடிக்க எல்லோரும் தயங்கினார்கள்.

"முதல்ல என் பக்கத்துல அடி. இருமல் வந்தா நிறுத்திடு," என்றார் கணவர்.

அக்காவே பிரஷை எடுத்தார். ஒரு இழுப்பு இழுப்பதும், திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அவருக்கு வழக்கத்துக்கு மேல் ஒரு இருமல்கூட வரவில்லை.

"என்னையே பாத்தா எப்படி? சுவத்தைப் பாரு. மூலையில விட்டுட்ட," என்றார் அவர். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள்.

நாற்பது நாள் கழித்து அதே கட்டிலில் அவர் மூச்சு அடங்கியது.

அடுத்த வாரமே அக்கா பட்டறைக்கு வந்தார். பெண்கள் வார்டுக்கும் பெயிண்ட் கேட்டிருந்தார்கள்.

"இன்னும் நாலு நாள் இருந்துட்டு வரலாமேக்கா," என்றார் முதலாளியம்மா.

"வீட்ல சும்மா இருந்தா சுவரெல்லாம் என்னையே பாக்குதும்மா," என்று சொல்லிவிட்டு, ஓடு ஊறவைக்கத் தண்ணீர் காயவைக்க அக்கா அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.