எழுபத்திரண்டில் நின்ற திரை

"விரலே இல்லைங்கிறேன். எழுபத்திரண்டு காட்டுது."

"டியூப்லைட் வெளிச்சமா இருக்கும். அந்த விரல் கிளிப் எதைப் பார்த்தாலும் நாடின்னு நினைச்சுக்கும். ஒரு தடவை அழிரப்பரைச் செருகினேன், அதுக்கும் அறுபது காட்டுச்சு. நல்ல ஆரோக்கியமான ரப்பர்."

"ஜோக் அடிக்காத. மணி மூணு அஞ்சு."

எரிந்து விழுந்தவள் என் அக்கா. பதில் சொன்னவன் அவளோடு வேலை பார்க்கும் சர்க்யூட் பொறியாளன். எந்நேரமும் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் கோலோடு திரிவதால் அலுவலகத்தில் அவனுக்குச் சால்டர் என்றே பெயர். அக்காவுக்குக் கதை கட்டத் தெரியாது. பேய்ப் படம் ஓடினால் கேமரா எங்கே நிற்கிறது என்று தேடுகிறவள் அவள். அவளுக்கு நடந்ததை அவள் குறித்து வைத்த நேரங்களோடு அப்படியே எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவளே இன்னும் முழுசாக நம்பவில்லை.

அவர்கள் நிறுவனம் செய்வது, மருத்துவமனையில் கட்டிலருகே நின்று நோயாளியின் நாடித் துடிப்பைக் காட்டும் கருவி. அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அடித்தளமான கெர்னலை எழுதுவது அக்கா. கருவியைப் போட்ட கணத்திலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று கெர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி, இரண்டு நிமிடம், நாற்பத்தேழு விநாடியில் நிரம்பிவிடும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி 99999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புமே, அதே மாதிரி இதுவும் திரும்பும். "இந்த எண் தாண்டியதும் நாடியைப் படி" என்று காத்திருக்கும் நிரல், தாண்டவே தாண்டாத எண்ணுக்காகக் காத்துக்கிடக்கும். திரையில் கடைசி எண் உறைந்து நிற்கும். கட்டிலில் இருப்பவருக்கு என்ன ஆனாலும் சரி.

அப்படி உறைந்த கருவி ஒன்று மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்திருந்தது. சீட்டில் 'திரை நின்றுவிட்டது' என்று இரண்டே சொல்.

இந்தத் தப்பைப் பிடிக்க கெர்னல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எண்ணைப் பூஜ்யத்தில் தொடங்காமல், நிரம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து தொடங்குவார்கள். கோளாறு இருந்தால் ஐம்பது நாள் காத்திருக்காமல் ஐந்தே நிமிடத்தில் பல்லிளித்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் அந்த வரியை எடுத்தது அக்காதான். ஏதோ ஒரு அவசர வெளியீடு. ஒவ்வொரு சோதனையும் ஐந்தாவது நிமிடத்தில் முரண்டு பிடிக்க, 'இப்போதைக்கு' என்று பூஜ்யத்தைப் போட்டாள். அப்புறம் மறந்தே போனாள்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் திருத்தம் தேறியாக வேண்டும். தவறினால் அடுத்த வெளியீடு மூன்று மாதம் கழித்துத்தான். அதுவரை 'மாதம் ஒரு முறை கருவியை அணைத்துப் போடவும்' என்று ஒரு சுற்றறிக்கை போகும். அதை எந்த வார்டில் யார் படிக்கப் போகிறார்கள்?

திருத்தம் என்னவோ இரண்டு வரி. எது பெரிய எண் என்று பார்க்காமல், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அதையும், முன்பு எடுத்த அந்த ஐந்து நிமிட வரியையும் திரும்பி வந்த கருவியிலேயே போட்டுப் பார்த்தாள். வேலை செய்தது. எண் நிரம்பியது, பூஜ்யமானது, திரை உறையவில்லை. ஆனால் விரல் மாட்டாத கருவி இரண்டு கோடுகள் மட்டும் காட்ட வேண்டும். அங்கேதான் 72 நின்றது.

சோதனை தோல்வி.

சால்டரின் கறுப்பு ஜாக்கெட்டைப் பிடுங்கி, கிளிப்பை அதற்குள் சுருட்டி வைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி ஐந்து நிமிடம். அதற்குள் மேலாளரின் போன்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"அஞ்சு நிமிஷம் சார்."

"காலையிலருந்து அதே அஞ்சு நிமிஷமா?"

3:26. எண் நிரம்பியது.

66.

அக்கா மேசையை ஓங்கி அடித்தாள். எங்கிருந்து வருகிறது இந்த எண்? நாடியைப் படிக்கும் நிரலின் நானூறு வரியையும் மேலிருந்து கீழாகப் படித்தாள். எந்த வரியும் இதை எழுதவில்லை. கருவி பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. டிக்... டிக்... டிக்...

"அந்தச் சத்தத்தை நிறுத்தித் தொலையேன்!"

சால்டர் அசையவில்லை. "ஸ்பீக்கர் ஒயரைக் காலையிலயே வெட்டிட்டேன்" என்றான். "தொல்லையா இருந்துச்சுன்னு."

டிக்... டிக்...

கிளிப்பைப் பிடுங்கி எறிந்தாள். இப்போது கருவியில் மின்சார ஒயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

3:51. நிரம்பியது.

51.

"இறங்குது" என்றான் சால்டர்.

"வாயை மூடு."

4:14.

38.

"எனக்கு இது பிடிக்கல. நீயும் வா, வெளிய நிப்போம்."

"வெளிய நின்னா? மூணு மாசம் சுற்றறிக்கை போகும். எங்கயோ இன்னொரு திரை நிக்கும். நீ போ."

அவன் போய்விட்டான். ஜாக்கெட்டைக்கூட எடுக்கவில்லை.

அக்காவுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். மூன்று வருடம் முன்னால் ஐந்து நிமிடம் காத்திருக்கப் பொறுமையில்லாத தன்மீது ஆத்திரம். 4:35-க்குக் கருவியைக் கடைசி முறையாகப் போட்டாள். நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

4:40. நிரம்பியது.

38.

விட்ட இடத்திலிருந்து.

இந்த முறை அவள் அணைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை... விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று தோன்றியதாம்.

31.

டிக்...... டிக்......

மேசை விளிம்பு சில்லென்று ஆனது.

24.

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அவள் இல்லை.

15.

டிக்.........

0.

வெட்டிய ஒயரோடு அபாய மணி அடித்தது. நீளமாக. அப்புறம் நின்றது.

இரண்டு கோடுகள்.

சோதனை தேறியது.

பதிவுக் கோப்பைத் திறந்தாள். எல்லாம் விநாடி வாரியாக இருந்தது. முப்பத்தெட்டிலிருந்து பூஜ்யம் வரை ஆறு நிமிடம், பதினொரு விநாடி. 4:52-க்குத் திருத்தத்தை அனுப்பினாள். போனில் மேலாளர் "சபாஷ்" என்றார்.

அந்தக் கருவி அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டாலும் கோடுகளை மட்டுமே காட்டியது. சால்டர் அதைப் பிரித்துப் போட்டுத் தேடினான். ஒன்றுமில்லை. கோப்பை மட்டும் அக்கா அழிக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, காலை 11:20-க்கு, அலுவலக போனில் ஒரு பெண் குரல்.

"அந்த மிஷினுக்கு புரோகிராம் எழுதினவங்க நீங்கதானா மேடம்? நாலு பேர் கிட்ட மாத்தி மாத்தி விட்டாங்க."

"நான்தான். சொல்லுங்க."

"எங்கப்பா கட்டில்ல இருந்த மிஷின் அது. காலையில நர்ஸ் வந்து பார்த்தப்ப அப்பா கை ஜில்லுன்னு இருந்துச்சாம். திரையில மட்டும் எழுபத்திரண்டு. எப்ப போனார்னு யாருக்கும் தெரியல. தூக்கத்துலயே, ஒரு நொடியில போயிருப்பார்னு டாக்டர் சொல்றார்."

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அப்பா கையில நான் வாங்கிக் கொடுத்த வாட்ச் இருந்துச்சு. நாடியைக் குறிச்சு வைக்குமே, அந்த மாதிரி. நேத்துதான் திறந்து பார்த்தேன். எழுபத்திரண்டு. அப்புறம் அறுபத்தாறு. அப்புறம் ஐம்பத்தொண்ணு. அப்புறம் முப்பத்தெட்டு. அதோட சார்ஜ் தீர்ந்துபோச்சு."

அக்கா அழிக்காமல் வைத்திருந்த பதிவுக் கோப்பைத் திறந்தாள்.

"ஒரு நொடி இல்ல மேடம். எனக்குத் தெரியும். அம்மா கிட்ட சொல்ல மாட்டேன், கேஸ் எல்லாம் போட மாட்டேன். முப்பத்தெட்டுக்கு அப்புறம் அப்பா எவ்வளவு நேரம் தனியா இருந்தார்னு உங்ககிட்ட எங்கயாவது பதிவாகியிருந்தா... எனக்கு மட்டும் சொல்லுங்க."