கோட்டுக்கு வெளியே ஒரு உதை

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் வீட்டு வீரத்தையெல்லாம் பெரியண்ணன் ஒருவரே வாங்கிக்கொண்டார், எனக்கு மிச்சம் வைக்கவில்லை. ஆனாலும் கண்மாய்க்குள் பந்து விளையாடிய அந்தச் சாயங்காலம் பயந்ததுபோல நான் வேறெப்போதும் பயந்ததில்லை.

யுத்த காலம். புதுக்கோட்டைச் சீமையில் எங்கள் ஊரை ஒட்டிய பொட்டலில் விமானம் இறங்கத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஆட்களும் பக்கத்து ஊர் ஆட்களும் அங்கே மண் சுமந்தார்கள். கொஞ்சம் இங்கிலீஷ் படித்த புண்ணியத்தில், வெள்ளைக்காரர்கள் சொல்வதைத் தமிழில் கத்துகிற வேலை எனக்கு. இரண்டு ஊருக்கும் அப்போது ஆகாது. கண்மாய் மடையைத் திறப்பதில் வந்த சண்டையில் பெரியண்ணனின் மண்டை உடைந்திருந்தது. உடைத்தவன் யாரென்று தெரியாது, ஊர் மட்டும் தெரியும். அந்த ஊரில்தான் எங்கள் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருந்தோம்.

பெரியண்ணன் மண்டையில் போட்ட கட்டோடு போய், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தவளைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலைப் பார்ப்பதும் உள்ளே போய் அழுவதுமாக இருந்தாள். மாப்பிள்ளை கூப்பிட வந்தபோது பெரியண்ணன் அரிவாளைத் தேடினார். நான் மாப்பிள்ளையைக் கொல்லைப்பக்கமாக இழுத்துப்போய் அனுப்பிவைத்தேன்.

தளத்திலும் அடிதடி ஓயவில்லை. மண்வெட்டியைப் பிடுங்கிப் பிடுங்கிச் சலித்துப்போன ஆஸ்திரேலியா சார்ஜன்ட் ஒருவர், பந்து விளையாடித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் நாட்டுப் பந்து முட்டைபோல் நீண்டிருக்கும். வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் சுண்ணாம்புத் தூளால் அதே முட்டை வடிவத்தில் பெரிய கோடு போட்டார். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக்கம்பங்களுக்குள் உதைத்தால் கோல், அதற்கு ஆறு புள்ளி; ஓரத்துச் சந்தில் போனால் ஒன்று. உதைத்த பந்தை ஒருவன் அந்தரத்திலேயே பிடித்துவிட்டால், அவன் நிதானமாகப் பின்னால் நடந்துபோய், ஓடிவந்து உதைக்கலாம். யாரும் அவனைத் தொடக்கூடாது. அவன் பிடித்த இடத்தில் எதிராளி ஒருவன் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கலாம்.

எங்கள் ஜனங்களுக்குக் கோட்டு விஷயம்தான் கடைசிவரை பிடிபடவில்லை. சடுகுடுவில் கோட்டைத் தாண்டினால் ஆள் அவுட்டு. இந்த ஆட்டத்திலோ, பந்தைப் பிடித்து நிறுத்தி உதைப்பவன் பந்தோடு கோட்டுக்கு வெளியே போய் ஓடிவரலாம். இதைப் படித்துப் படித்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். கோட்டைக் காக்கிற அம்பயர் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஆட்டத்துக்கு முதல் நாள், சாப்பிட்டுக் கை கழுவும்போது பெரியண்ணன் மாப்பிள்ளையைப் பற்றித் தங்கச்சி காதில் விழும்படியே சொன்னார்.

"அவன் நம்ம முன்னாடி ஜெயிச்சுட்டுப் போனான்னா, இவ இந்த வீட்டுலயே கெடக்க வேண்டியதுதான். தோத்துட்டு வந்து நிக்கட்டும், அப்பப் பாப்போம்."

மறுநாள் இரண்டு ஊரும் கண்மாய்க்குள் திரண்டுவிட்டன. எங்கள் பக்கம் பெரியண்ணன் ஆடினார், அவர்கள் பக்கம் மாப்பிள்ளை. முடிகிற நேரத்தில் நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். அப்போதுதான் மூலையில், கோட்டை ஒட்டி, மாப்பிள்ளை எகிறிப் பந்தைப் பிடித்தார். அவர் கால் தரையில் படுவதற்கும் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. எங்கள் ஊர் ஜெயித்துவிட்டதாகக் கொட்டு முழங்கியது. சார்ஜன்ட் இல்லையென்று தலையை ஆட்டினார். மணிக்கு முன்னாலேயே பிடித்தாயிற்று, அதனால் அந்த உதை பாக்கி இருக்கிறதாம். அதை நான் கத்திச் சொல்ல வேண்டும். கொட்டை நிறுத்தச் சொல்லி, எப்படியோ சொல்லிவிட்டேன்.

வினை அதோடு விடவில்லை. கோல் கம்பங்களிலிருந்து பந்து பிடித்த இடம் வழியாக நேர்கோட்டில்தான் பின்னால் போக வேண்டும். அந்த வழி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, எங்கள் ஊர்க் கூட்டத்துக்குள் போனது. கோட்டுக்கு உள்ளே சார்ஜன்ட் இருந்தார், விசில் இருந்தது. வெளியே எங்கள் ஊர்தான் இருந்தது. இடுப்பில் அரிவாள் செருகியிருந்தவர்களை எனக்குத் தெரியும். பந்து பிடித்த இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவரோ பெரியண்ணன்.

மாப்பிள்ளை கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார்.

"தாண்டிட்டான்டா! அவுட்டு! விடாதீங்கடா!"

கூட்டம் நெருங்கியது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"வழி விடுங்கப்பா, கும்புட்டுக் கேக்குறேன். இது ஆட்டத்துல உள்ளதுதான்."

"நீ எந்த ஊருக்காரன்டா?" என்று ஒருத்தன் என் சட்டையைப் பிடித்தான்.

என் முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை மூச்சு வாங்குவது கேட்டது. "பயமா இருக்கு மச்சான்" என்றார் மெதுவாக. அவரை அப்படிச் சொல்லக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையை மட்டும் இறக்கவில்லை. வண்டிப்பாதை அகலத்துக்கு வழி விட்டார்கள்.

அரிவாளைவிட எனக்குப் பெரிய பயம் இன்னொன்று. இதே மூலையிலிருந்து மத்தியான ஓய்வில் அவர் உதைத்துப் பழகியதைப் பார்த்திருக்கிறேன். பந்தைப் பொறுக்கிப் போட்டவனே நான்தான். ஒரு உதைகூடத் தப்பாது. இதுவும் விழுந்துவிடும், என் தங்கச்சி வாழ்வு இதோடு சரி என்று நினைத்தேன். அம்பயராக நின்றுகொண்டு, தப்பிப் போகட்டும் சாமி என்று வேண்டினேன்.

மாப்பிள்ளை கம்பங்களைப் பார்த்தார். பெரியண்ணனைப் பார்த்தார். ஓடிவந்து உதைத்தார். பந்து கம்பங்களுக்கு முன்னால் குறுக்கே பறந்து, எதிர்ப்பக்கத்துக் கோட்டுக்கு அப்பால் கருவேலமரத்தில் போய் விழுந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. எங்கள் ஊர் பெரியண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டது. அந்த மூலையிலிருந்து யாராலும் முடியாது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றார். பெரியண்ணன் சிரித்துக்கொண்டே, "தோத்துட்டு வந்த மனுசன்கிட்ட என்ன வீம்பு, கூட்டிட்டுப் போங்க" என்றார். வழியனுப்பக் கண்மாய்க்கரை வரைக்கும் நானும் போனேன். தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"வேணும்னேதான அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் திடுக்கிட்டு எங்கள் ஊர்ப்பக்கமும் அவர் ஊர்ப்பக்கமும் பார்த்தார். "மெல்லப் பேசுங்க மச்சான். எங்க ஊருல தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாய்ங்க. ஒங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா இவள மறுபடி இழுத்துட்டுப் போயிருவாரு."

தங்கச்சி நின்று திரும்பினாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழவில்லை. முகம் கடுகடுவென்றிருந்தது.

"மூலையிலேர்ந்து ஒரு கோலு அடிக்கத் துப்பில்ல. நம்ம ஊரே ஒங்களாலதான தோத்துச்சு?"

"ஆமா," என்றார் மாப்பிள்ளை. "என்னாலதான்."