வெள்ளை மான் விடுதியின் கொதிக்கிற சூப்

வெள்ளை மான் விடுதியை விற்றாகிவிட்டதாம், இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம் என்று அந்த இங்கிலாந்துக் கிராமத்துக் கறிக்கடையில் யாரோ சொல்ல, அது தபால் நிலையம் போய், விடுதிக்குத் தினமும் பீர் குடிக்க வரும் கிளிஃபர்ட் காதுக்கு வந்து, கடைசியாகத்தான் அந்த விடுதியை நடத்தும் முரியலுக்கே வந்து சேர்ந்தது.

"எனக்கே தெரியாம வித்துட்டாங்களா? நல்லாருக்கே!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே குத்தகைப் பத்திரத்தைத் தேடி எடுத்தாள். குத்தகை முடியப்போகிறது, கட்டடத்துக்குச் சொந்தமான பீர் கம்பெனி அதைப் புதுப்பிப்பது பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

சின்ன வயதில் இங்கே தட்டுக் கழுவ வந்தவள். பீர் குடிக்க வந்த நார்மனைக் கட்டிக்கொண்டாள். அவன் இறந்த பிறகும் கல்லாவை விட்டு நகரவில்லை. அந்தக் காலத்தில் லண்டன் போகும் குதிரைக் கோச்சு வண்டிகள் நுழைந்த வளைவு வாசலில் இப்போது அவளுடைய துணிகள் காய்கின்றன.

வியாழன் மதியம் குத்தகை விஷயமாக இடத்தைப் பார்க்க, கம்பெனியிலிருந்து பிக்கர்ஸ்கில் என்ற அதிகாரி பஸ்ஸில் வந்தார். பட்டாணி சூப் கேட்டு, ஊர் வழக்கப்படி முதலிலேயே பணம் கொடுத்துவிட்டு, "இந்த இடத்துக்குக் கதை ஏதாவது உண்டா?" என்றார்.

முரியலிடம் அதை மட்டும் கேட்கக்கூடாது. கிளிஃபர்ட் முகத்தைக் குவளைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"அந்தக் காலத்துல குதிரை மாத்துற நேரம்தான் வண்டி நிக்கும். இங்க காசை முன்னாடியே வாங்கிட்டு, சூப்பைக் கொதிக்கக் கொதிக்க வெப்பாங்க. ஊதி ஊதி வாயில வெக்கறதுக்குள்ள வண்டிக்காரன் கொம்பு ஊதிடுவான். ஜனம் ஓடும். அதே சூப் திரும்பப் பானைக்குள்ள!"

பிக்கர்ஸ்கில் விழுந்து விழுந்து சிரித்தார். அடுப்பிலிருந்து அப்படியே வந்த சூப்பை ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணில் நீர் முட்டியது. வெளியே பஸ் ஹார்ன் அடித்தது.

"ஐயோ, இதை விட்டா வேற பஸ் இல்ல! சாயங்காலம் போன் பண்றேன்!" கோட்டை அள்ளிக்கொண்டு ஓடினார்.

கிளிஃபர்ட் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அடிப்பாவி! கம்பெனி ஆளுகிட்டயே உங்க விடுதியோட பழைய வேலையைக் காட்டிட்டியே!"

"சும்மா இருய்யா! பேச்சு சுவாரசியத்துல ஆறவெக்க மறந்துட்டேன்."

"பானையில திரும்ப ஊத்தாத வரைக்கும் நீ யோக்கியம்தான் கண்ணு."

போனில் என்ன முடிவு வருமோ என்று சாயங்காலம் ஊரே வந்து நின்றது. வருஷக்கணக்காக எட்டிப்பார்க்காதவர்கள்கூட கல்யாண வீடு மாதிரி நெருக்கியடித்தார்கள். தபால் நிலைய ஜாய்ஸ், "உனக்கு ஒண்ணும் ஆகாது முரியல், நாங்கெல்லாம் இருக்கோம்ல" என்றாள்.

"இருக்கீங்க. இதே கூட்டம் வாரத்துல ஒரு நாள் வந்திருந்தா, ஒரு போனுக்கு நான் ஏன் இப்படி நடுங்கணும்?"

ஜாய்ஸ் காதுவரை சிவந்தாள். அவசரமாக இன்னொரு ஷெரி ஒயின் கேட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஆளுக்கொன்று கேட்டார்கள். முரியலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது போன் அடித்தது. எல்லார் தலையும் போன் பக்கம் திரும்பியது. முரியலின் ஒரு கை பீர்க் குழாயில், மறு கையில் பாதி நிறைந்த குவளை.

"எடும்மா!" என்றார் கிளிஃபர்ட்.

"பாதியில விட்டா நுரை அமுங்கிடும். குடிக்க வந்தவங்கதான் முதல்ல."

தன் வாழ்நாளில் எந்தக் குவளையையும் அவள் அத்தனை மெதுவாக நிரப்பியதில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.