பெண் வீட்டு ஆள்

என் மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு விமானப்படையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பயிற்சியில் சேருபவர் மணமாகாதவராக இருக்க வேண்டும், விசாரணையில் வேறு விதமாகத் தெரியவந்துள்ளது, பதினைந்து நாளில் விளக்கம் தரவும். காமயகவுண்டன்பட்டியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்றபடி அதை மூன்று முறை வாசித்தேன்.

அதற்கு முந்தைய வருடம்தான் நம் விமானப்படைக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போய்வந்திருந்தார். பி.எஸ்ஸி. முடித்திருந்த என் மகன், முதலில் விமானி, அப்புறம் விண்வெளி என்று தீர்மானித்துவிட்டான். எழுத்துத் தேர்வு, நேர்முகம், உடல் பரிசோதனை எல்லாம் தேறிவிட்டான். பயிற்சிக்கு அழைப்பு வருவதுதான் பாக்கி.

விடிந்ததும் வாய்க்கால் கரையில் ஓடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவான். எட்டு மணிக்குத் திரும்பும்போது சட்டையில் சேறு இருக்கும், கண் சிவந்திருக்கும். இட்லியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். உள்ளங்கையில் ஒரு நாள் கயிறு அறுத்த தடம் பார்த்தேன். கேட்டால் சிரிப்பான். வயசுப் பையன் என்று விட்டிருந்தேன். கடிதம் வந்த பிறகு விட முடியவில்லை. ஓடுகிறவன் கையில் கயிற்றுத் தடம் எதற்கு? யார் தோட்டத்துச் சேறு அது?

சாயங்காலம் அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மடித்த துணிகளை ஒவ்வொன்றாக உதறினேன். அடியில் ஒரு நோட்டு. எடுக்கும்போது அவன் வாசலில் நின்றான்.

“என்னம்மா தேடுறீக?”

“யாருடா அவ?”

கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். நான் நோட்டைப் பிரித்தேன். தேதி வாரியாக ஒரே மாதிரி வரிகள். ‘முறுக்கு 30. வரப்பில் 4 அடி. விழுந்தேன். வாந்தி.’ கடைசிப் பக்கத்தில், ‘முறுக்கு 60. வரப்பு முழுக்க நடந்தேன்.’ திராட்சைத் தோட்டத்து ஓரப் புளியமரத்தில் கயிற்றில் பலகை கட்டி உட்கார்ந்து, கயிற்றை முறுக்கிவிட்டுச் சுழன்று, விமானத்தில் தலை சுற்றக் கூடாதென்று, தலைசுற்றலோடு வரப்பில் நடந்து பழகியிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி வந்தான். தன் மகளை என் மகனுக்கே என்று பேசிவைத்திருப்பவன். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டினான்.

“அட, அந்த ஆளா! போன மாசம் டீக்கடையில வந்து பய எப்படி, பழக்கவழக்கம் எப்படின்னு துருவுனாக. பொண்ணு வீட்டு ஆளுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? ‘அவனுக்கும் எம் மகளுக்கும் கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசமாச்சு, வேற இடம் பாருங்க’ன்னு பத்திவிட்டேன்.”

எங்கள் ஊரில் சம்பந்தம் பேசுமுன் வெளியூர் ஆள் ஒருவர் இப்படித்தான் டீக்கடையில் வந்து விசாரிப்பார்.

“மாமா, அவரு வேலைக்கு எடுக்குமுன்ன என்னைப் பத்தி விசாரிக்க சாதா உடுப்புல வந்த போலீசு” என்றான் மகன்.

“போலீசா? கையில மஞ்சப் பையில்ல வச்சிருந்தாக!”

“ஏலே, எம் பிள்ளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டியேடா!” என்று கத்தினேன். மகன் என்னைப் பார்த்தான். மாமனைப் பார்க்கவில்லை.

மறுநாளே மகன் விமானப்படைக்கு விளக்கம் எழுதி அனுப்பினான். தம்பி கம்பத்துக்குப் போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கொடுத்தான். பத்து நாளில் அதே ஆள் மறுபடி வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் டீக்கடையே “ஆகல, ஆகல” என்றது. “எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி பேசுறீங்களேப்பா” என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேராக என் வகுப்புக்கே வந்து கேட்டார். சொல்லும்போது என் குரல் நடுங்கியது. அதையும் எழுதிக்கொண்டாரோ என்று பல நாள் பயந்தேன்.

அழைப்பு வந்தது. மகன் போனான். நோட்டை எடுத்துக்கொண்டான். டிரங்குப் பெட்டியை முதல் தடவையாகப் பூட்டி வீட்டிலேயே வைத்துவிட்டு, சாவியைக் கொண்டுபோனான்.

கடிதம் தவறாமல் வருகிறது. ஒவ்வொன்றிலும் மாமாவைக் கேலி செய்து இரண்டு வரி எழுதுகிறான். எனக்கு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும். சாவியைப் பற்றி நான் இன்னும் கேட்கவில்லை.