மச்சான் வயிற்றில் அடித்த துடிப்பு

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் குடோனில் மூட்டை தூக்கும் எங்கள் கூட்டத்தில் யாருக்கு வயிறு வலித்தாலும் ஒரே தீர்ப்புதான்: குடல் ஏறிவிட்டது. ஏறிய குடலை எண்ணெய் போட்டு உருவி இறக்கும் வைத்தியர் நான். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை என்பதுதான் என் தகுதி.

அன்று காலை மூட்டையை இறக்கிய கையோடு என் மச்சான், மனைவியின் அண்ணன், தரையில் சரிந்தார். அறுபதைத் தாண்டியவர், ஓயாத பீடி. வயிற்று வலி முதுகைத் துளைக்கிறது என்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"சட்டுனு இறக்கி விடு மாப்ள."

பந்தாவாகக் கையை வைத்தேன். தொப்புளுக்கு மேலே என்னவோ திம் திம்மென்று என் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. குடலை இறக்க வந்து இதயத்தை இறக்கிவிட்டேனோ என்று கையை வெடுக்கென்று எடுத்தேன்.

"உருவு மாப்ள."

"வேணாம் மச்சான். இது நம்ம சிலபஸ்லயே இல்ல."

ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அவசரப் பிரிவில் இருந்த மலையாளி டாக்டரம்மா வயிற்றைத் தொட்டார், உடனே ஸ்கேன் மெஷினை இழுத்தார்.

"வயித்துல போற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி வெடிச்சிருக்கு சேட்டா. கசியிற ரத்தம் முதுகுப் பக்கம் அடைபட்டு நிக்குது. அதான் ஆள் இருக்கார். நீங்க அமுக்கினீங்களா?"

"தொட்டதுமே பயந்துட்டேன் டாக்டர்."

"பயந்தது நல்லதாப் போச்சு."

பிரஷர் பாதாளத்தில் கிடப்பதாக நர்ஸ் சொன்னதும் என்னுள் இருந்த வைத்தியர் விழித்துக்கொண்டார். "ரெண்டு பாட்டில் சேர்த்து ஏத்துங்க டாக்டர்."

"பிரஷர் கூடினா அடைப்பு திறந்து ரத்தம் பீச்சிடும். நினைவோட பதில் சொல்றாரா, இப்ப அது போதும். நீங்க அவர்கிட்ட பேசிக்கிட்டே இருக்கணும், கேட்டோ."

என் வாழ்க்கையில் வாயை மூடாதே என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டே பேசினேன். சி.டி. எடுக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கத்தினேன். மச்சானின் "ம்" மெலிந்துகொண்டே வந்தது.

"மச்சான், உங்க தங்கச்சிய கட்டுனதுக்கு நீங்கதானே ஜாமீன்? பாதியில கழண்டுக்கிட்டா எப்படி?"

"...போடா."

அந்தப் போடாவோடு ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. மனைவி வந்து சேர்ந்தாள். நான் வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

ஒருவழியாக சர்ஜன் வெளியே வந்தார். தொடையிடுக்கு வழியாகக் கம்பி விட்டு, வெடித்த குழாய்க்கு உள்ளேயே ஒரு புதுக் குழாயை விரித்துவிட்டார்களாம். "கசிவு நின்னாச்சு. காலுக்கு ரத்தம் ஒழுங்கா போகுதான்னு பார்த்துக்கிட்டே இருப்போம். இன்னைக்கு ராத்திரி தாண்டணும்."

மறுநாள் காலை ஐ.சி.யு.வுக்குள் விட்டார்கள். மனைவி அண்ணனின் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தாள். "சூடா இருக்குங்க. ரெண்டு காலும் சூடா இருக்கு."

கட்டை விரல் அசைந்தது.

"விடுடி, கூசுது," என்றார் மச்சான்.

நான் போட்ட கூச்சலில் நர்ஸ் என்னைக் கழுத்தைப் பிடிக்காத குறையாக வெளியே தள்ளினார். வராந்தாவிலும் நான் குதித்துக்கொண்டுதான் இருந்தேன்.