டாங்கியின் தலையில் நாத்தனாரின் ரேகை

பாகம் ஏதாவது கீழே விழுந்தால் நான் கண்ணால் தேட மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, தரை முழுவதும் உள்ளங்காலால் தடவியபடி நடப்பேன். கடுகளவு பிளாஸ்டிக்கை டைல்ஸ் தரையில் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. குத்தினால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஆவணியில் ஒரு மத்தியானம், நான் கட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் ராணுவ டாங்கியின் முகப்பு விளக்குக் கூண்டு ட்வீசரிலிருந்து நழுவி விழுந்தது. அறை முழுக்க நடந்தேன். எதுவும் குத்தவில்லை. சலித்துப்போய் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தால், கூண்டு என் உள்ளங்காலிலேயே செருகிக்கொண்டிருந்தது. ரத்தம்கூடக் கசிந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

என் நோயின் முதல் அறிகுறி அதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூண்டைப் பிடுங்கிக் கழுவி, டாங்கியில் ஒட்டிவிட்டு அடுத்த பாகத்தை எடுத்தேன்.

என் பெயர் மைதிலி. ராஜா அண்ணாமலைபுரத்தில் கணவர் ராகவனோடு இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் டாங்கி கட்டுவேன். பெட்டியில் சட்டம் சட்டமாக பிளாஸ்டிக் பாகங்கள் வரும். ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். முடித்தால் ஒரு சாண் நீளம் வரும். ஒன்றை முடிக்க ஒரு வருஷம்கூட ஆகும்.

இதே நோய் வந்து படுத்திருப்பவர்களுக்காகவும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பொறுமையாக இருங்கள், எல்லோரையும் மன்னித்துவிடுங்கள், மனசு லேசாகும் என்று பலர் உங்களிடம் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு பாதங்களிலும் மரமரப்பு தொடங்கியபோது எங்கள் பகுதி டாக்டரிடம் போனேன். கூடவே என் நாத்தனார் சுகந்தாவும் வந்தாள். மயிலாப்பூரில் இருக்கிறாள், என் கணவரின் அக்கா. வயதில் மூத்தவரை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். இந்தக் கட்டுரை முடியும்வரை ‘அவள்’ என்றுதான் எழுதுவேன்.

டாக்டர் என்னைக் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொன்னாள். “இவ எப்பப் பாத்தாலும் அந்தப் பசையை மோந்துண்டே உக்காந்திருக்கா டாக்டர். ஒரே நெடி. நரம்பு என்னத்துக்கு ஆகும்?”

டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. “கொஞ்ச நாளைக்கு அந்த வேலை வேண்டாம்மா. ஜன்னலைத் திறந்து வைங்க. இந்த வைட்டமின் மாத்திரையைப் போட்டுப் பாருங்க” என்றார்.

மாத்திரை போட்டேன். ஜன்னலையும் திறந்துவைத்தேன். மரமரப்பு கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு வந்தது. ஒரு நாள் குளித்துவிட்டு முக்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. ராகவன் கதவை உடைத்துத்தான் என்னைத் தூக்கினார்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதங்களிலும் மரமரப்போ பலவீனமோ தொடங்கி, அது மேலே ஏறிக்கொண்டு வந்தால், மாத்திரை போட்டுப் பார்க்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து பதில் சொல்கிறவர்களை வெளியே நிறுத்துங்கள்.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரி. நரம்பியல் மருத்துவர் சின்ன சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. மற்ற காலிலும் தட்டினார். அதுவும் அப்படியே கிடந்தது.

“ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி வயித்துப்போக்கு எதாவது இருந்ததா?” என்று கேட்டார்.

ராகவன் யோசித்தார். “அக்கா ஆத்து சஷ்டியப்தபூர்த்திக்குப் போயிட்டு வந்தோம். மறுநாள்லேர்ந்து இவளுக்கு வயிறு சரியா இல்லை.”

சொல்லிவிட்டு, கூட வந்திருந்த அக்காவைப் பார்த்தார். சுகந்தா சுவரைப் பார்த்தாள். விசேஷத்தில் மீந்த தயிர்வடையை டப்பாவில் போட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் என் கையில் திணித்து அனுப்பியவள் அவள்தான். ராகவன் அதைத் தொடவில்லை. வீணாகிவிடுமே என்று நான்தான் சாப்பிட்டேன்.

“இன்னதனாலதான் வந்ததுன்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா பசைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை” என்றார் மருத்துவர். அவருக்கு நிரூபணம் வேண்டும். எனக்கு வேண்டாம்.

நோயின் பெயர் கில்லன்-பாரே (வயிற்றுக்கோ நெஞ்சுக்கோ வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சக்தி, குழம்பிப்போய் நம் நரம்புகளின் மேலுறையையே அரிப்பது). முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள். இம்யூனோகுளோபுலின் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது அவரை நான் பார்க்கவில்லை, சுகந்தாவைத்தான் பார்த்தேன்.

பலவீனம் கைக்கு வந்தது. பிறகு முகத்துக்கு. கண்ணை முழுக்க மூட முடியவில்லை, பேச்சு குழறியது. மூச்சுத் தசைக்கும் வந்துவிடுமோ என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காவல் காத்தார்கள். ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று நர்ஸ் வந்து வந்து கேட்பார். எண்ணுவேன். அது தவிர எனக்கு வேறு வேலை இல்லை. பிழைப்பதும் போவதும் ஒன்றுதான் என்கிற அளவுக்கு எனக்கு அலுப்பாக இருந்தது.

அப்போது நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் உண்டு. ஆரம்பித்த வீட்டில் ஒரு வருஷம்கூட விடக் கூடாது என்பார்கள். அதனால் சுகந்தா எங்கள் வீட்டுக்கே வந்து படி கட்டி வைத்துவிட்டாள். நான் பார்க்க வேண்டுமென்று ராகவன் போனில் படம் எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

படிகளின் கீழே தரையில் பார்க் போட்டிருந்தாள். கேழ்வரகு முளைவிட்ட புல், தட்டில் தண்ணீர், பிளாஸ்டிக் வாத்து. குளக்கரையில் என் டாங்கி நின்றது.

பீரங்கிக் குழாய் முழுவதும் தங்க வர்ணம். கொலு பொம்மைகளுக்கு வருஷா வருஷம் கிரீடத்திலும் நகையிலும் பூசுகிற அதே டப்பா. இப்படியும் அப்படியும் சுழல வேண்டிய தலையை, ஆடுகிறதே என்று பசை போட்டு உடம்போடு ஒட்டிவிட்டாளாம், ராகவன் சொன்னார். திறந்து மூடும்படி நான் விட்டிருந்த டாங்கியின் மேல் மூடிகளும் அதே பசையில் இறுகிக் கிடந்தன. குழாயின் நுனியில் கதம்பம் வேறு சுற்றியிருந்தாள்.

“மேஜையில இருந்த சட்டமெல்லாம்?” என்று குழறிக் குழறிக் கேட்டேன். ராகவனுக்குப் புரிய நேரமானது.

“அந்த வெட்டின குப்பைதானே? அக்கா பெருக்கித் தள்ளிட்டா. ஆத்தை சுத்தமா வெச்சிருக்கா. நல்ல எண்ணத்துலதானே பண்ணினா, விடேன்.”

அந்தக் குப்பையில்தான் சக்கரச் சங்கிலியின் கண்ணிகளில் பாதி இருந்தன. கவசத்தின் மேல் பதிக்க வேண்டிய சின்னச் செங்கற்களும் (குண்டைத் தாங்கும் கூடுதல் கட்டிகள்) இருந்தன. மாநகராட்சி வண்டி எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது.

நான் பிழைத்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். அழகான காரணம் இல்லை. இந்தக் கையால் அந்த டாங்கியை முடித்து, அதே கொலுவில், அவள் முகத்துக்கு நேரே வைக்க வேண்டும். அடுத்த தடவை நர்ஸ் எண்ணச் சொன்னபோது முந்தின நாளைவிடக் கூடுதலாக எண்ணினேன்.

பிசியோதெரபிஸ்ட் (தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி கொடுப்பவர்) ஷாஹிதா ராயப்பேட்டைப் பெண். தட்டில் பட்டாணியைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்வாள். விரல் நுனியில் எனக்கு எந்த உணர்வும் கிடையாது, பத்து விரலுக்கும் தடித்த கையுறை மாட்டிவிட்டது போல இருக்கும். பட்டாணியைப் பிடித்தேனா விட்டேனா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“இன்னா ஆன்ட்டி, இன்னிக்கும் மொறைக்கிறீங்க? மொறைச்சா பட்டாணி தானா கைக்கு வந்துருமா?” என்றாள்.

கை வந்ததும் என்ன செய்ய ஆசை என்று கேட்டாள். சொன்னேன். டாங்கி, தங்க வர்ணம், நாத்தனார், தயிர்வடை, எல்லாவற்றையும். அவள் சிரிக்கவில்லை.

“அந்தக் கோவத்த வுட்ராதீங்க ஆன்ட்டி. எல்லாம் ஆண்டவன் பாத்துப்பான்னு படுத்துக்கினு இருக்கறவங்கள எழுப்பறதுதான் எனக்குக் கஷ்டம்.”

மறுநாளிலிருந்து பட்டாணிக்குப் பதில் துவரம்பருப்பு. பிறகு உளுந்து. பிறகு கடுகு. ஒவ்வொரு கடுகுக்கும் நான் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். எல்லாம் ஒரே பெயர்தான்.

வீட்டுக்கு வந்து, வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு டாங்கியைக் கையில் எடுத்தேன். புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்றார் ராகவன். எனக்குப் புதுசு வேண்டாம். அவள் கெடுத்ததுதான் வேண்டும்.

அவள் போட்ட பசை குளிரில் நொறுங்கும். டாங்கியை ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, எடுத்துத் திருகினேன். தலை படக்கென்று கழன்று வந்தது. தங்க வர்ணத்தைக் கழற்ற டெட்டாலில் ஊறப்போட்டேன். வீடெல்லாம் திரும்பவும் ஆஸ்பத்திரி நெடி. செங்கற்களைக் காலாவதியான ஏ.டி.எம். கார்டுகளிலிருந்து வெட்டினேன். ஒன்றை வெட்டித் தேய்த்து ஒட்டுவதற்குள் காலை போய்விடும். முன்பு காப்பி ஆறுவதற்குள் செய்த வேலை அது.

சங்கிலிக்குக் கண்ணி போதவில்லை. கீழே தெரியும் பகுதிக்கு மட்டும் போட்டேன். பக்கவாட்டுத் தகடு மறைக்கும் மேல் பகுதியில் ஒன்றும் கிடையாது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. என் புடவைக்குள்ளும் இரண்டு காலிலும் பாதம் தொங்காமலிருக்கப் பட்டை போட்டிருக்கிறேன், அதுவும் யாருக்கும் தெரியாது.

தலையின் இடது கன்னத்தில் பசை ஒரு பொட்டாக வழிந்து இறுகியிருந்தது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு விளக்குக்கு நேராகத் திருப்பினேன். பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை. சுழி சுழியாக அச்சடித்தாற்போல் இருந்தது. அமுக்கிப் பிடித்திருக்கிறாள்.

அதைத் தேய்க்கவில்லை. சுற்றிலும் தேய்த்துவிட்டு, ரேகை மறையாதபடி மெல்லிசாக வர்ணம் ஊதினேன். சாட்சியை யாராவது அழிப்பார்களா?

நவராத்திரி வந்தது. இந்தத் தடவை டாங்கியைப் பார்க்கில் வைக்காமல், தனியாக ஒரு முக்காலி போட்டு விளக்கடியில் வைத்தேன். தலை சுழலும், மூடி திறக்கும். பீரங்கியை, சுகந்தா வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்க்கத் திருப்பினேன்.

வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்களுக்குக் கொலுவைச் சுற்றிக்காட்டிப் பேசுவது மூத்தவளான அவள் வழக்கம். இந்த வருஷம் நான் பேசினேன். “இந்த இடத்தைப் பாருங்கோ. இது எங்க நாத்தனாரோட கட்டைவிரல். நான் ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் திண்டாடிண்டிருந்தப்போ, இவாதான் பசை போட்டு ஒட்டினா.”

“அட, தெளிவா தெரியறதே” என்று குனிந்து பார்ப்பார்கள். பிறகு அவளைப் பார்ப்பார்கள். சுகந்தா சுண்டல் பொட்டலத்தை எடுக்க உள்ளே போவாள். எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. மருந்து கொடுக்காத திருப்தி.

நான்கைந்து நாள் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“போறும்டி. இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லப் போற?”

“சரஸ்வதி பூஜை வரைக்கும் மனுஷா வருவா அக்கா.”

முக்காலியில் இருந்த டாங்கியைப் பார்த்தாள். “கொலு வைக்காம விட்டா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருந்தது. அந்த டாங்கி உனக்கு ரொம்பப் பிடிச்சதாச்சே, நீ இல்லேன்னாலும் அதுவாவது கொலுவுல இருக்கட்டுமேன்னு வெச்சேன். பசையைப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னது தப்புதான். நான் என்ன படிச்சவளா?”

கேட்டேன். நல்ல எண்ணம்தான் என்று எனக்கு எப்போதுமே தெரியும். அதனால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை.

“அதைத் தேய்ச்சு எடுத்துடேன் மைதிலி. பாக்கறப்பல்லாம் எனக்கு என்னமோ பண்றது” என்று அவளே உப்புத்தாளை எடுத்து நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். டாங்கியை மடியில் வைத்து, எங்கே தொடங்குவது என்று பார்க்க வலது ஆள்காட்டி விரலை அந்தப் பொட்டின் மேல் வைத்தேன்.

சொரசொரவென்று இருந்தது.

விரலை எடுத்து மறு கன்னத்தில் வைத்தேன். வழவழப்பு. திரும்ப இந்தப் பக்கம் வைத்தேன். சொரசொரப்பு. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அப்போதும் தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் செத்துக் கிடந்த விரல். அவளுக்குத் தெரியாமலிருக்கக் குனிந்துகொண்டேன்.

“வேண்டாம் அக்கா. இது இங்கேயே இருக்கட்டும்.”

“என்ன பிடிவாதம்டி உனக்கு” என்று எழுந்து போய்விட்டாள். வன்மம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். என் விரலுக்கு முதலில் திரும்பிவந்தது அவள் விரல்தான் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

இப்போது தினமும் காலையில் எழுந்ததும் அந்த ரேகையின் மேல் விரலை வைத்துப் பார்க்கிறேன். சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. நரம்புக்குக் காலண்டர் கிடையாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எனக்கும் இப்போது கிழமையெல்லாம் பெரிதாக இல்லை. தெரிந்த நாள், தெரியாத நாள், அவ்வளவுதான்.

சுகந்தா கட்டுரையெல்லாம் படிக்கிறவள் இல்லை. யார் மூலமாவது இது அவள் கைக்குப் போய்விட்டால், நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.